பூனையும் எலியும்: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் நம் தமிழ் வழக்கும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஆசிரியை வராத நாட்களில் நான் போய் உட்காருவது உண்டு. நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிப்படிப்போடு நிறுத்திக்கொண்டு மும்பைக்கு வந்து அரிசி வியாபாரத்தில் காலம் தள்ளியவன். கடை அடைத்த பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஆகவே சொல்லில் பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்குழந்தை ஒருத்தி ஆங்கிலச் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு திருடனைப் போலீசார் பல நாள் தேடியதைப் பற்றிய செய்தி. அதில் 'கேட் அண்ட் மவுஸ் கேம்' என்று போட்டிருந்தது. "தாத்தா, இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருவன், "இந்தியில சூஹே பில்லி கா கேல்னு சொல்லுவாங்க, அப்படியே எலி பூனை விளையாட்டுன்னு எழுதிடலாம்" என்றான். இன்னொருத்தி "கண்ணாமூச்சி" என்றாள். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன், "போலீசுக்குத் தண்ணி காட்டினான்னு எழுதணும் தாத்தா" என்றான்.

மூன்றும் தமிழ்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. அதை அன்று வகுப்பில் முழுதாக விளக்க நேரம் போதவில்லை. அதுவே இந்தக் கட்டுரைக்குக் காரணம். இந்தத் தொடரைத் தப்பாக எழுதி நானே ஒரு முறை பட்டிருக்கிறேன் என்பது இன்னொரு காரணம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொடரின் உட்பொருள்

முதலில் பூனையைப் பார்ப்போம். தானியக் கிடங்கில் இருப்பவனுக்கு இது தினசரிக் காட்சி. பூனை எலியைப் பிடிக்கிறது. உடனே கொல்வதில்லை. கால் நகத்தைத் தளர்த்தி விடுகிறது. எலி நாலு அடி ஓடுகிறது. பிழைத்தோம் என்று அது நினைக்கும் நேரத்தில் ஒரு தட்டு. மறுபடியும் பிடி, மறுபடியும் விடுதலை. பசி மிகுந்த பூனை சட்டென்று கொன்று தின்றுவிடும். பசி குறைந்தபோதும், எலி பெரிதாக இருந்து திருப்பிக் கடித்துவிடுமோ என்ற அச்சம் இருக்கும்போதும் இந்த விளையாட்டு நீளும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆக, இந்த மரபுத்தொடருக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு பேரில் ஒருவர் வலியவர், மற்றவர் எளியவர். இரண்டு, வலியவர் நினைத்தால் இப்போதே முடித்துவிடலாம், ஆனாலும் முடிப்பதில்லை. மூன்று, விட்டுவிட்டுப் பிடிப்பது. விட்ட அந்தச் சிறு நேரத்தில் எளியவனுக்கு நம்பிக்கை பிறக்கிறதே, அதுதான் இதில் கொடுமையான பகுதி.

துரத்துவதும் தப்புவதும் மட்டும் இருந்தால் அது வேட்டை. விட்டுப் பிடிப்பதும் சேர்ந்தால்தான் பூனை எலி விளையாட்டு. நம் பெரியவர்கள் இதை வெகு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள்: 'பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.' ஆங்கிலத் தொடர் எட்ட நின்று காட்சியை மட்டும் காட்டுகிறது. நம் பழமொழி எலியின் பக்கம் வந்து நின்று பேசுகிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுதிய கடிதம்

இனி என் கதை. 1980களின் கடைசி. அப்போது ஊரின் பெயர் பம்பாய். எனக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பார்களே, அங்கே வாங்கிய ஆங்கில மரபுத்தொடர் அகராதி ஒன்றைத் தினம் பத்துத் தொடராக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். படித்ததை எங்கேயாவது காட்ட வேண்டுமே!

தாராவியில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னிடம் அரிசி எடுப்பவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணக்கில் பாக்கி ஏறிப்போயிற்று. ஆள் அனுப்பினால் கடையில் இருக்க மாட்டார். இருந்தால் அடுத்த வாரம் என்பார். எனக்குக் கோபம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி மிடுக்காக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதில், இந்தப் பூனை எலி விளையாட்டை இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்ற பொருளில் ஒரு வரி. 'நீங்கள் எனக்கு டிமிக்கி கொடுக்கிறீர்கள்' என்பதே என் கருத்து. அகராதியில் படித்த தொடர் சரியான இடத்தில் விழுந்தது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மூன்றாம் நாள் அண்ணாச்சி நேரே கடைக்கு வந்தார். பாக்கியில் பாதியை மேஜைமேல் வைத்தார். கடிதத்தைக் கல்லூரியில் படிக்கும் மகள்தான் வாசித்துப் பொருள் சொன்னாளாம்.

"தம்பி, நீங்க பூனையாவே இருந்துக்கிடுங்க. நான் எலியாப் பொறக்கல" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிவரச் சொன்னேன், குடிக்கவில்லை. மீதியை மூன்று மாதத்தில் ஆள்மூலம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை.

பிழை எங்கே என்பது எனக்கு உடனே புரியவில்லை. 'ஓடி ஒளிந்தது அவர்தானே, துரத்தி அலைந்தது நான்தானே, நான் என்ன கொடுமை செய்தேன்' என்றே பல நாள் வாதாடிக்கொண்டிருந்தேன். புரிந்தது பின்னால்தான். அதற்கு இங்கிலாந்து வரலாற்றில் ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு சட்டத்துக்கு வந்த பட்டப்பெயர்

1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. 1903இல் எம்மலைன் பாங்க்ஹர்ஸ்ட் என்ற அம்மையார் மான்செஸ்டர் நகரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பின் பெண்களுக்குச் 'சஃப்ரஜெட்' என்று பெயர் வந்தது. கண்ணாடியை உடைத்தார்கள், தீவைப்பிலும் இறங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். 1909 ஜூலையில் மாரியன் வாலஸ் டன்லப் என்பவர் சிறையில் 91 மணி நேரம் உண்ணாநோன்பு இருந்தார். அரசாங்கம் பயந்து விடுதலை செய்தது. பிறகு மற்றவர்களும் அதே வழியைப் பிடித்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குழாயைச் செருகி வலுக்கட்டாயமாக உணவு புகட்டியது. ஊர் உலகம் காறித் துப்பியது. சிறையில் ஒரு பெண் செத்தால் பழி வரும். விட்டுவிட்டால் சட்டம் தோற்றதாகும். இந்தச் சங்கடத்திலிருந்து மீள 1913 ஏப்ரலில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆஸ்க்வித் பிரதமர், ரெஜினால்ட் மெக்கென்னா உள்துறை அமைச்சர். சட்டத்தின் பெயர் என்னவோ சாதுவானதுதான்: கைதிகளை உடல்நலக் குறைவுக்காகத் தற்காலிகமாக விடுவிக்கும் சட்டம்.

அது வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். சிறையில் பெண் பட்டினி கிடப்பாள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்ததும் ஒரு சீட்டைக் கொடுத்து வெளியே விடுவார்கள். குறித்த நாளில் திரும்பி வரவேண்டும். தங்கும் இடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். உடம்பு தேறியதும் மறுபடியும் பிடிப்பார்கள். வெளியே இருந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் சேரா. மீண்டும் பட்டினி, மீண்டும் சீட்டு, மீண்டும் கைது. மக்கள் இதற்கு வைத்த பெயர்தான் 'பூனை எலிச் சட்டம்.' இன்றைக்கும் வரலாற்று நூல்களில் அந்தப் பட்டப்பெயரே முன்னால் வருகிறது; சட்டத்தின் உண்மைப் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1914இல் அந்தப் பெண்கள் அமைப்பு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. பெரிய பூனை ஒன்றின் வாயில் ஒரு பெண் தளர்ந்து தொங்குகிறாள். பூனை என்பது ஆளும் லிபரல் கட்சி. வேறு விளக்கமே தேவையில்லை. ஒரு மரபுத்தொடரைச் சரியான இடத்தில் வைத்தால் அது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எலிகள் சும்மா இருக்கவில்லை

விடுதலையான பெண்கள் உடம்பு தேற லண்டனில் கேம்டன் ஹில் சதுக்கத்தில் ஒரு வீடு இருந்தது. பிராக்கன்பரி குடும்பத்தாருடையது. அந்த வீட்டுக்கு அவர்களே 'எலிக்கோட்டை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். வாசலில் போலீஸ் காவல். உள்ளே கஞ்சி குடித்துத் தேறும் பெண்கள். எடித் கார்ரட் என்ற பெண்மணி ஜூஜிட்சு என்னும் ஜப்பானிய மல்வித்தையைக் கற்றுக்கொடுத்தார். பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாருக்குப் பெண்களே மெய்க்காவல் படை அமைத்தார்கள்.

1914 பிப்ரவரியில் அம்மையார் அந்தச் சதுக்கத்து வீட்டு மாடியில் நின்று கூட்டத்துக்கு முன் பேசினார். பேச்சு முடிந்ததும் முகத்திரை அணிந்த ஒருவரைச் சூழ்ந்துகொண்டு மெய்க்காவலர் வெளியே வந்தார்கள். போலீசார் பாய்ந்து பிடித்தார்கள். திரையை விலக்கினால் அது வேறு ஒரு பெண்! அம்மையார் தப்பிவிட்டார். இந்த ஓர் இடத்தில்தான் நம் ஊர்ப்பையன் சொன்ன 'தண்ணி காட்டுதல்' கச்சிதமாகப் பொருந்தும்.

1913 ஏப்ரலில் மூன்றாண்டுத் தண்டனை பெற்ற அம்மையாரைப் பல முறை பிடித்தார்கள், பல முறை விட்டார்கள். தண்டனை கடைசிவரை முடியவில்லை. 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டதும் அரசாங்கம் அந்தப் பெண்களை விடுவித்துவிட்டது. 1918இல் சொத்துத் தகுதியுள்ள 30 வயது நிரம்பிய பெண்களுக்கும், 1928இல் ஆண்களைப் போலவே 21 வயது நிரம்பிய எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்பெறச் சில வாரங்கள் இருக்கும்போது அம்மையார் காலமானார்.

இந்தக் கதைக்கு நம் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. அயர்லாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர் மார்கரெட் கசின்ஸ். பூனை எலிச் சட்டம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1913இல், அவர் டல்லமோர் சிறையில் உண்ணாநோன்பு இருந்தவர். அவரே 1915இல் இந்தியாவுக்கு வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், ஆண்களுக்கு இருந்த அதே தகுதிகளின் அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். 1932இல் அவர் நம் நாட்டு விடுதலைக்காகப் பேசி வேலூர்ச் சிறையிலும் இருந்தார். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெண்பிள்ளைகள் அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

என் பிழை புரிந்த இடம்

அந்தச் சட்டத்தின் விவரத்தைப் படித்தபோது என் கையில் இருந்த புத்தகம் கனத்துப் போயிற்று. அண்ணாச்சிக்கு நான் என்ன செய்தேன்? பத்து நாள் தவணை என்று சொல்வேன். ஆறாம் நாளே ஆள் அனுப்புவேன். அதுவும் கடையில் கூட்டம் இருக்கும் சனிக்கிழமை மாலையாகப் பார்த்து. அவர் முகம் வாடினால், "சரி, இன்னும் ஒரு வாரம்" என்று பெரிய மனசு பண்ணுவேன். விட்ட நாட்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே இருந்த நாள் தண்டனையில் கழியாது என்ற கதைதானே இது! எனக்கு அந்தப் பணம் இல்லாமல் அடுப்பு எரியாமல் போகவில்லை. ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசி, மாதம் இவ்வளவு என்று முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை.

எங்கள் சமண சமயத்து இல்லற நெறிகளில் 'அனர்த்த தண்டம்' என்று ஒன்றை விலக்கச் சொல்லுவார்கள். பயன் எதுவும் இல்லாமல் பிற உயிருக்குச் செய்யும் துன்பம் என்பது அதன் பொருள். கிடங்கில் எலியைக்கூடக் கொல்லாமல் கூண்டு வைத்துப் பிடித்து வெளியே விட்டு வந்தவர் என் தகப்பனார். அவர் மகன் மனுஷனிடம் என்ன செய்தான் என்பதை ஓர் ஆங்கிலத் தொடர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆக, நான் எழுதிய தொடர் ஒருவகையில் சரியாகவே விழுந்திருந்தது. எழுதியவனுக்குத்தான் தெரியவில்லை, படித்த பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பூனை எலி விளையாட்டில் யார் பின்னால் யார் ஓடுகிறார் என்பது கேள்வி அல்ல. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. இதை மனத்தில் கொண்டால், ஓர் அலுவலகத்தில் ஃபைலைத் தேடி மாதக்கணக்காக நடக்கும் மனுதாரர் துரத்துகிறவர் போலத் தோன்றினாலும், அவர்தான் எலி என்பது விளங்கும். 'நாளை வா' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்பவர்தான் பூனை.

பொருள் மாறி வந்த விதம்

அப்படியானால் செய்தித்தாள்காரர் எழுதியது தப்பா? முழுத்தப்பு என்று சொல்ல முடியாது. மொழி நடந்துகொண்டே இருப்பது. 1940இல் ஹன்னா, பார்பெரா என்ற இருவர் பூனை ஒன்றையும் எலி ஒன்றையும் வைத்துக் கேலிப்படம் எடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் டாம் அண்ட் ஜெர்ரி. அதில் அடி வாங்குவது பெரும்பாலும் பூனை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூனை எலி விளையாட்டு என்றாலே எலி ஜெயிக்கும் வேடிக்கைதான் நினைவுக்கு வரும். இன்று ஆங்கிலத்தில் போலீஸ் திருடன் துரத்தலுக்கும், சதுரங்க ஆட்டக்காரர் இருவரின் சூழ்ச்சிக்கும், தேர்தல் களத்துக்கும் இந்தத் தொடரைப் பொதுவாகப் போடுகிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் இதைக் காணும்போது பழைய பொருளா, புதிய பொருளா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் எதை, எங்கே சொல்வது?

இங்கேதான் நம் மொழியின் வளம் தெரியும். ஆங்கிலம் ஒரே தொடரில் அடைப்பதை நாம் பல தொடர்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

பூனை எலி விளையாட்டு: வலியவர் எளியவரை விட்டுப் பிடித்து வதைக்கும்போது மட்டும். 'பூனைக்குக் கொண்டாட்டம்' என்ற பழமொழியும் அதே இடத்துக்கு உரியது.

கண்ணாமூச்சி: இருவரும் சமம், இன்று நீ தேடு, நாளை நான் தேடுகிறேன். இதில் வன்மம் கிடையாது. மழை கண்ணாமூச்சி காட்டுகிறது, மின்சாரம் கண்ணாமூச்சி ஆடுகிறது என்று எழுதுவது அதனால்தான் அழகாக இருக்கிறது.

தண்ணி காட்டுதல்: துரத்துபவரைத் தப்புபவர் தம் சாமர்த்தியத்தால் ஏமாற்றுவது. சொல்பவருக்கு உள்ளூரத் தப்பியவர்மேல் ஒரு வியப்பு இருக்கும். குழந்தை காட்டிய போலீஸ் செய்திக்கு இதுவே பொருத்தம்.

டிமிக்கி கொடுத்தல்: இது சிறு பிள்ளைத்தனமான தப்பித்தல். பள்ளிக்கு டிமிக்கி, வேலைக்கு டிமிக்கி. பெரிய குற்றத்துக்கு இதைப் போட்டால் எடை குறைந்துவிடும்.

கம்பி நீட்டுதல்: ஆளே போய்விட்டான். துரத்தல் முடிந்த பிறகு சொல்வது.

அலைக்கழித்தல், இழுத்தடித்தல்: நாளை வா என்று சொல்லிச் சொல்லி நடக்கவைப்பது. அலுவலகப் பூனைகளுக்கு உரிய சொற்கள் இவை.

ஆடுபுலி ஆட்டம்: பலம் வேறுவேறாக இருந்தும் இரு பக்கமும் ஜெயிக்க வழியுள்ள போட்டி. புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஆனால் ஆடுகள் ஒன்றுகூடி வழியை அடைத்துவிட்டால் புலி நகர முடியாமல் தோற்கும். கோயில் மண்டபத் தரைகளில் கட்டம் செதுக்கி வைத்திருக்கிறார்களே, ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எலிக்கோட்டைப் பெண்கள் கடைசியில் ஆடியது இந்த ஆட்டம்தான் என்று எனக்குத் தோன்றும்.

பழமொழியைப் போற்றுவது நமக்குப் புதிதல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியாகவே அமைந்த நூல். அதை இயற்றிய முன்றுறை அரையனார் சமணர். அன்றைக்கு மக்கள் வாயில் வழங்கிய தொடர்களை அவர் பாட்டில் வைத்ததால்தான் இன்று நம் கைக்கு அவை கிடைத்தன. வெளிமாநிலத்தில் வாழும் நாம் வீட்டில் பேசும்போது பிள்ளைகள் காதில் விழும்படி இந்தத் தொடர்களைப் பேசினால் போதும். தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு சொல் முடிவாக

ஆங்கிலத் தொடரை அறியவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆனால் எந்த மொழித் தொடரானாலும், எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இதில் நான் யார், எதிரில் இருப்பவர் யார்? அதைக் கேட்டிருந்தால் 'அண்ணாச்சி, ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம்' என்று நல்ல தமிழில் நான்கு சொல் எழுதியிருப்பேன்.

அண்ணாச்சி கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சில வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். முகவரி வாங்க முயன்றேன், கிடைக்கவில்லை. அவர் கணக்குப் பக்கத்தில் பாக்கி ஏதும் இல்லை. பைசா குறையாமல் கட்டியிருந்தார். மீதி நிற்கும் பாக்கி என்னுடையதுதான்.

அடுத்த ஞாயிறு அந்தக் குழந்தை தன் குறிப்பேட்டைக் காட்டினாள். 'போலீசாருக்குத் தண்ணி காட்டிய திருடன் பிடிபட்டான்' என்று எழுதியிருந்தாள். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.